உங்கள் நாற்காலியில் உலகு உட்காரவில்லை

என்றைக்கும் என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரியவரே,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீங்கள் போனபின் உங்கள் அலுவலகம் நம் குடும்பத்துக்குத் தர முன்வந்த வேலையை நான் எட்டி உதைத்துவிட்டேன் என்று தென்காசியில் பேசிக்கொள்கிறார்கள். "இரக்கப்பட்டுப் போடுகிற வேலை என் மகளுக்குத் தேவையில்லை" என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே இங்கிலீஷில் சொன்னேனாம். கான்வென்ட் படிப்பின் திமிராம். மேலகரத்தில் நம் தெருவில் தொடங்கிய பேச்சு ஆலங்குளம் வரை போய்விட்டது என்று உங்கள் அக்காவே சொன்னார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் இங்கிலீஷில் பேசினேன் என்பது மட்டும் உண்மை. "என் மகள் வயது வந்தவள், படித்தவள். அவளுடைய பதிலை அவளே சொல்வாள்" என்றேன். பதில் சொன்னது உலகம்மை. நம் உலகு.

உங்கள் ஊழியர் சங்கம் இந்த ஆண்டு கொண்டுவரும் மலரில் உங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி சங்கரலிங்கம் கேட்டார். உங்களுக்குப் பிறகு கிளைச் செயலாளர் அவர்தான். உங்களைப் பற்றி உங்கள் தோழர்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, நான் எழுத? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும். அவர்கள் படிக்க வேண்டிய விஷயம்தான்.

பணியில் இருக்கும்போதே இறந்துபோகிறவரின் பிள்ளைக்கு ஒரு வேலை. அந்த உரிமைக்காக நீங்களும் கொடி பிடித்து வெயிலில் நின்றிருக்கிறீர்கள். அது நம் வீட்டுக்கே வந்து சேரும் என்று அன்றைக்கு நினைத்தோமா? ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, வேலை நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்தீர்கள். காரியங்கள் முடிந்ததும் கடிதம் வந்தது. அதே இன்ஷூரன்ஸ் ஆபீஸ், அதே தென்காசிக் கிளை. ஜன்னல் பக்கத்து உங்கள் நாற்காலியையே உலகுக்கு ஒதுக்கித் தருவதாக உங்கள் ஆட்கள் பேசி முடித்திருந்தார்கள். வீட்டு வாசலில் டவுன் பஸ். ஐம்பத்தெட்டு வயது வரை யாரும் அசைக்க முடியாது. ஆனால் ஒருமுறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு கேட்டுப் போக முடியாது.

அதே சமயத்தில் உலகுவின் காலேஜுக்குப் பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி வந்து சில பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனது. அதில் இவளும் ஒருத்தி. வேலை என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது.

ஆமாம், அதற்குத்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்தால் ரேடியோ ஸ்டேஷனில் உட்காரலாம் என்று நினைத்து அவளைச் சேர்த்துவிட்டீர்கள். அவள் போய் நின்றது நீங்கள் ஆயுள் முழுக்க எதிர்த்த பெட்டியின் முன்னால். "ஆளைத் தின்னும் இயந்திரமே, திரும்பிப் போ" என்று நீங்கள் தூக்கிய அட்டைகளில் எழுத்து என்னுடையது. நீங்கள் எழுதினால் வரி மேலே ஏறிப் போகும், என்னால் பார்க்க முடியாது. பாவாடை கட்டிய வயதில் இவள் பசை தடவிக் கொடுத்தாள். நினைவிருக்கிறதா?

அந்த வருஷம் குற்றாலச் சாரல் சீக்கிரமே வந்துவிட்டது. சாரல் வந்தால் மேலகரத்துக்காரர்களுக்கு வீடு சொந்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அக்கா ஆலங்குளத்திலிருந்து மகள், மருமகன், மருமகனைப் பெற்றவர்கள் என்று எல்லாருமாக வந்து இறங்கினார். கொடியெல்லாம் ஈரத் துணி, அடுக்களையெல்லாம் எண்ணெய் வாடை. உலகு பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். ஒரு கட்டு அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். நீளமான கனத்த அட்டை, அங்கங்கே சின்னச் சின்னச் சதுர ஓட்டை. அதுதான் அவள் எழுதிய புரோகிராம். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அந்த வரிசையிலேயே இயந்திரத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் அக்கா அதில் ஒரு கைப்பிடி எடுத்து, ஆளுக்கு ஓர் அட்டையில் முறுக்கு வைத்துக் கொடுத்துவிட்டார். நான் பார்க்கும்போது மருமகனைப் பெற்றவர் ஓர் அட்டையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உலகு வந்து பார்த்தாள். எனக்கு என் கோபம் தெரியும், அவளுக்கும் அதே கோபம் உண்டு. வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் உங்கள் அக்கா முந்திக்கொண்டார்.

"ஏட்டி, ஓட்ட போட்ட டிக்கெட்ட எவளாவது பத்திரப்படுத்துவாளா? கண்டக்டர் ஓட்ட போட்டாம்னா அத்தோட அதுக்குச் சோலி முடிஞ்சிட்டுல்லா!"

உலகு அட்டையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "அத்தே, இதுல ஓட்ட போட்டாத்தான் சோலியே ஆரம்பிக்கும்."

"என்ன சோலி?"

அவள் சொன்னாள். உங்கள் அக்காவுக்குப் புரியும்படி பொறுமையாகத்தான் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒங்கப்பா ரோட்டுல நின்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனது இந்த எழவ எதுத்துத்தானட்டி? நீ போயி அதுக்குச் சோறூட்டப் போறியாக்கும். நல்லாருக்கு."

உலகு எண்ணெய் படாத அட்டைகளை அடுக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். போன வரிகள் எவை என்று மிஞ்சியதைப் பார்த்தே கண்டுபிடித்து, அன்று சாயங்காலத்துக்குள் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அடுக்களையில் இரைச்சல், மேலே மழை, இவள் மட்டும் வேறு எங்கோ இருந்தாள். நீங்கள் பேச்சுக்குக் குறிப்பு எடுக்கும்போது அப்படித்தான் இருப்பீர்கள்.

மறுநாள் சங்கரலிங்கம் வந்தார். உட்காரச் சொன்னேன், குடையை மடக்காமலே பேசினார்.

"மதினி, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதீங்க. பம்பாய்க் கம்பெனி இன்னைக்கி இருக்கும், நாளைக்கி ஷட்டர எறக்கிட்டுப் போயிருவான். நம்ம ஆபீஸ் அப்படியா? அதுவும் போக, அண்ணாச்சி மவளே அந்தப் பொட்டிக்கு வேலை செய்யப் போயிட்டான்னா, நாளைக்கி சங்கத்து கேட் மீட்டிங்ல நான் எந்த மூஞ்சிய வச்சிப் பேச?"

"சங்கரலிங்கம், உங்க கவலை என் மகளைப் பத்தியா, உங்க மீட்டிங்கைப் பத்தியா?"

"ரெண்டும்தான் மதினி" என்றார். அந்த நேர்மைக்காகக் காப்பி கொடுத்தேன். குடையை மடக்கி வைத்துவிட்டுக் குடித்தார்.

அவர் போனபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வேலை நிற்கும் வேலையா, இல்லையா? யாரிடம் கேட்பது? பக்கத்தில் இலத்தூரிலோ செங்கோட்டையிலோ யார் இதைப் பார்த்திருக்கிறார்கள்? பிறகுதான் தோன்றியது. நான் எங்கேயும் போக வேண்டாம். சீசனுக்கு எல்லா ஊரும் குற்றாலத்துக்கு வருகிறது. அருவியில் பெண்கள் வரிசையில் நின்றால் போதும்.

உங்கள் அக்கா கூட்டத்தோடு ஐந்தருவிக்குப் போனேன். தலையில் எண்ணெயோடு நிற்கிற ஒவ்வொருத்தியிடமும் எந்த ஊர் என்று கேட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தேன். சென்னைப் பெண் ஒருத்தி கண்ணை விரித்தாள். "என்னம்மா இப்படிக் கேக்கிறீங்க, இன்னும் பத்து வருஷத்துல அது இல்லாத ஆபீஸே இருக்காது. எங்க வீட்டுக்காரர் அதைத்தான் விக்கிறார்." விற்கிறவர் மனைவி வேறு என்ன சொல்வாள்?

கோயம்புத்தூர் அம்மாள் சிரித்தார். "அது சும்மா மோகமுங்க. எங்க மில்லுல ஒண்ணு வாங்குனாங்க. ஏ.சி. போட்டு, செருப்பக் கழட்டிட்டு உள்ள போகோணும்னு சொல்லி, சாமி மாதிரி பூட்டியே வெச்சிருக்கறாங்க. கணக்கெல்லாம் பழைய கணக்குப்பிள்ளைதானுங்க பாக்கறாரு."

புனலூரிலிருந்து வந்தவள் தமிழும் மலையாளமுமாகச் சொன்னாள். "எங்க அனியன், தம்பி, கல்ஃபில அந்தப் பணிதான். ஆறு மாசம் பார்த்தான். பின்னே வேற சாதனம் வந்தது, வேற ஆளை எடுத்தாங்க. இப்ப அதையும் படிக்கிறான்."

எனக்கு முன்னால் நின்ற உங்கள் அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏ கோமதி, குளிக்க வந்தியா, குறி கேக்க வந்தியா? வரிச நகருது பாரு."

குளித்தேன். தலையில் விழுந்த தண்ணீருக்கும் அந்தக் கேள்வி கரையவில்லை.

மற்றவர்களை வேனில் அனுப்பிவிட்டு, நானும் உலகுவும் நடந்தே திரும்பினோம். ஈரத் தலை, பூவாகத் தூறல். கேட்டுவிட்டேன்.

"உலகு, நீ எழுதுறதை அந்த மெஷின் படிக்குதுன்னா, ஒரு நாள் அதுவே எழுதக் கத்துக்கிடாதா?"

"கத்துக்கிடும்மா. எங்க சார் சொல்லுதாரு, இப்பமே அதுக்கு முயற்சி நடக்குதாம்."

"அப்போ உனக்கு என்ன வேலை?"

"அது எழுதுனது சரியான்னு பாக்க ஆளு வேணும்லாம்மா?"

"ஒரு வகுப்பே உட்கார்ந்து எழுதினாலும் திருத்துறதுக்கு ஒரு டீச்சர் போதும். மிச்சப் பேர்?"

அவள் "தெரியலம்மா" என்றாள். பிறகு நின்றுவிட்டாள்.

"அப்பா நாற்காலி இருக்கும்னு மட்டும் எப்படித் தெரியும்? அதத் தின்னப் போறதும் இதே மெஷின்தானம்மா. நான் சின்னப் பிள்ளையில இருந்து அப்பா பேசுறதக் கேட்டு வளந்தவ. எல்லாரும் கை தட்டுனாங்க, நான் நம்புனேன். அப்பா சொன்னது பொய்யில்லைன்னு நம்பித்தான் அந்த வேலைக்குப் போகலைங்கேன்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் பேச்சை இத்தனை வருஷம் கேட்டவர்களில் அதை முழுதாக நம்பியவள் உங்கள் மகள் ஒருத்திதானா? அட்டையில் அந்த வரியை எழுதிய நானும் நம்பவில்லையா? நம்பியிருந்தால் ஐம்பத்தெட்டு வயது வரை என்று எப்படிக் கணக்குப் போட்டேன்?

காலேஜுக்கு வந்த பம்பாய்க் கம்பெனிக்காரன் வேலை நிலைக்கும் என்றான். சங்கரலிங்கம் நிலைக்காது என்றார். அருவிக்கரையில் ஆளுக்கொரு தீர்ப்பு. தெரியவில்லை என்று சொன்னவள் இவள் மட்டும்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவளை நான் எதைச் சொல்லித் தடுப்பது?

பதில் சொல்ல நாங்கள் திருநெல்வேலி மேல் அலுவலகத்துக்குப் போனபோது, அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். காரணம் கேட்டார். "என் அப்பா எச்சரித்திருக்கிறார் சார்" என்று உலகு இங்கிலீஷில் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இவள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதன்பின் ஊரில் நடந்ததெல்லாம் ஊரின் கற்பனை.

உலகு போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பம்பாயில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். சாப்பாடு சகிக்கவில்லை, கடல் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறாள். முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு, தவணை கட்டாதவர்களுக்கு நோட்டீஸ் தயாரிக்கும் புரோகிராம். மார்ச் மாதம் வந்தால் நீங்கள் கட்டுக் கட்டாக வீட்டுக்குத் தூக்கி வருவீர்களே, நான் விலாசம் எழுதித் தருவேனே, அதே நோட்டீஸ். நாம் ஒரு மாதம் உட்கார்ந்து முடித்ததை அந்தப் பெட்டி அவள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அச்சடித்து வைத்துவிடுகிறதாம். அவளுக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். படித்து முடித்தபின் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அவள் எழுதுவதில் என்னைத் தொந்தரவு செய்கிற விஷயங்களும் இருக்கின்றன. காலேஜில் படித்தது பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று படிக்கச் சொல்கிறார்கள் என்கிறாள். அட்டையே இப்போது இல்லையாம், திரையில் நேரே அடிக்கிறார்களாம். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அமெரிக்கா போய்விட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எல்லாரும் 'பழையவர்' என்று கூப்பிடுகிறார்களாம். அதை வேடிக்கையாக எழுதியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்தில் பழையவரானால் நாற்பதில் என்ன? நீங்கள் நாற்பதில்தானே கிளைச் செயலாளரே ஆனீர்கள்?

உங்கள் கிளைக்கு அந்தப் பெட்டி இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்று பேச்சு. உங்கள் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார், எனக்குப் பிடிக்கவில்லை.

மலருக்கு எழுதக் கேட்டுச் சங்கரலிங்கம் வந்தார் என்றேன் அல்லவா? கேட்டு முடித்தும் போகவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார்.

"உலகு நல்லாருக்காளா மதினி?"

"நல்லா இருக்கா."

"சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?"

"வருது."

"இல்ல... எம் மவ பிளஸ் டூ முடிக்கா. கணக்குல கெட்டி. அவளையும் இந்தக் கம்ப்யூட்டர்லயே சேத்துவிட்டுரலாமான்னு வீட்டுல ஒரே பேச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

நான் அவரை விடுவேனா? "உங்க கேட் மீட்டிங் என்ன ஆச்சு?"

"அது ஆபீஸ் வாசல்ல மதினி. இது வீட்டு வாசல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார். "சொல்லுங்க மதினி. அவ படிச்சி முடிச்சி வெளிய வரும்போது வேலை இருக்குமா? இல்ல, நானும் மெஷின்ட்ட வேலையக் குடுத்துட்டு, அவளும் குடுத்துட்டு, ரெண்டு பேருமா வீட்டுல உக்காந்துருப்பமா?"

உறுதியாகத் தெரியாமல் ஒரு பெண்ணின் ஆயுளுக்கு நான் பதில் சொல்வதில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பினேன். யாரிடம் விசாரிப்பது? உலகுவிடம் கேட்டால் மறுபடியும் தெரியாது என்றுதான் எழுதுவாள். அந்தப் பதிலை நான் ஒருமுறை ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் அவள் என் மகள். அடுத்தவர் மகளுக்கு அதை எப்படி எடுத்துக் கொடுப்பேன்?

நீங்கள் இருந்தால் இரண்டு நாள் என்னோடு சண்டை போடுவீர்கள். மூன்றாம் நாள் உலகுவுக்கு நீளமான கடிதம் எழுதுவீர்கள், வரி மேலே ஏறிப் போகும். சண்டை போட ஆள் இல்லாமல் ஒரு கவலையை வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். உலகுவை நான் திரும்பி வா என்று அழைக்க மாட்டேன். அந்த வேலை போய் அவளாகவே பெட்டியோடு வாசலில் வந்து நின்றாலும், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டேன், உங்கள் அக்காவையும் பேச விட மாட்டேன். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பேன். அதற்கு வேண்டியதைச் செய்வேன்.

உங்களால் பதில் எழுத முடியாது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் தோழர்களால் முடியும். தோழர்களே, உங்கள் பிள்ளைகள், தம்பி தங்கைகள் யாராவது இந்த வேலையில் இருந்தால், அல்லது அந்தப் பெட்டி வந்த அலுவலகத்தில் நீங்களே இருந்தால், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். இந்த வேலை ஒரு பெண்ணை ஐம்பத்தெட்டு வயது வரை வைத்திருக்குமா? தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் வழியில் நிறுத்திச் சொல்லவோ, சங்கரலிங்கத்திடம் சொல்லி அனுப்பவோ வேண்டாம். தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவியும் உலகுவின் தாயுமான
கோமதி,
மேலகரம்.